சூடு ஆறாத கோட்டு

தங்கச் சுரங்கத்து ஊரிகம் ஸ்டேஷனில் அந்தப் பெட்டி வந்து இறங்கியபோது பிளேக் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெட்டி நிறைய ரப்பர் கோட்டு. வெளியே கறுப்பாக வழவழவென்று, உள்ளே கம்பளி வைத்துத் தைத்து, கணுக்கால்வரை தொங்கும். பிளேக் பிணம் தூக்குகிறவன் இதைப் போட்டுக்கொண்டால் நோய் அண்டாது என்றார்கள். பம்பாயிலிருந்து மதராஸ்வரை எல்லா ஊரும் ஒரே சமயத்தில் கோட்டு கேட்டதால் கடைக்காரன் விலையை ஏற்றிவிட்டான். விலை இறங்கட்டும் என்று சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதற்குள் கூலியாட்கள் குடியிருந்த எங்கள் தட்டி லைனில் பாதி வீடு காலி.

வந்ததில் பெரிய டாக்டருக்கு ஒன்று, அவர் பின்னால் குடை பிடித்து வருகிறவனுக்கு ஒன்று. பிணத்தை ஏறெடுத்தும் பார்க்காத ஆபீஸ்காரர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துப்போய் ஆணியில் மாட்டிக்கொண்டார்கள். பிணம் தூக்குகிற கூட்டத்துக்கு மிஞ்சியது ஒரே ஒரு கோட்டு. யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அந்த ஒன்றும் பகல் ஷிப்ட் ஏனோக்குக்குப் போனது. ராத்திரி ஷிப்ட் தசரதனுக்கு ஒன்றுமில்லை, தோளில் போடும் துண்டுதான். இரண்டு பேரும் சுரங்கத்தில் ஒரே ஷாப்டில் இறங்கி வேலை செய்தவர்கள். பிணம் தூக்க மாட்டேன் என்றால் வீட்டைக் காலி செய் என்று கம்பெனி சொன்னதால் வந்தவர்கள்.

தசரதன் பெண்டாட்டி ரத்தினம்மா இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாளா? தண்ணீர் வண்டி முன்னால் அவள் வாயைத் திறந்தால் குடங்கள் தாமாக வழிவிடும். அண்ணன் முதல் வாரமே பிளேக்கில் போய்விட்டான். பிள்ளைகுட்டி கிடையாது. இந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்தது புருஷன் ஒருத்தன்தான். அவனையும் பிளேக்குக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை. நேரே மேஸ்திரி டேவிட்டிடம் போய் நின்றாள்.

"ராத்திரி சாவறவனுக்கு மட்டும் நோய் இல்லியா மேஸ்திரி? எங்க ஊட்டுக்காரருக்கு இன்னாத்துக்குக் கோட்டு இல்ல?"

"இருக்கறது ஒண்ணுதான் ரத்தினம்மா. நான் இன்னா பண்ணட்டும், பெத்தா போடறது?"

"எங்க லைன்ல ஒரே பாயில ரெண்டு ஷிப்ட் ஆளு படுக்கறான். ஒருத்தன் எந்திரிச்சா இன்னொருத்தன் படுக்கறான். பாயைப் பங்கு போடறவன் கோட்டைப் பங்கு போட மாட்டானா?"

மேஸ்திரிக்கு நியாயமாகத்தான் பட்டது. எங்கள் எல்லாருக்கும் பட்டது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று அவளை மெச்சிக்கொண்டோம். அன்று சாயங்காலமே ஏனோக் கழற்றிக் கொடுக்க, தசரதன் வாங்கிப் போட்டுக்கொண்டான். பொத்தானை ரத்தினம்மாதான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டாள். பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

கோட்டைத் துவைக்கக் கூடாது என்று உத்தரவு. தண்ணீர் பட்டுக் கெட்டால் கூலியில் பிடிப்பார்கள். பிணத்தின் மேலிருந்து வந்தது எல்லாம் அந்தக் கம்பளியிலேயே குடியிருந்தது.

"பூச்சி கடிக்குதுடி," என்று தசரதன் கழுத்தைச் சொறிந்தான்.

"கம்பளின்னா பூச்சி இருக்கத்தான் செய்யும். உயிரு இருந்தா சொறிஞ்சிக்கலாம்," என்றாள்.

பூச்சியால் பிளேக் வரும் என்று அன்றைக்கு டாக்டருக்கே தெரியாது. எங்களுக்கு யார் சொல்வார்கள்?

ஒருநாள் ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு ஏனோக் வரவில்லை. ரத்தினம்மா அவன் வீட்டுக்கு ஓடினாள். ஏனோக் காய்ச்சலில் பல் அடிக்க நடுங்கிக்கொண்டிருந்தான். அவன் மேல் அந்தக் கோட்டு போர்த்தியிருந்தது. பக்கத்தில் பெண்டாட்டி பாக்கியவதி.

"ஷிப்ட் மாறிப்போச்சு, கோட்டைக் குடு பாக்கியம்."

"வேணாம் ரத்தினம். அதுல இன்னாமோ பூச்சி கீது. போட ஆரம்பிச்சதிலேர்ந்து இவரு கழுத்தெல்லாம் தடிச்சிகினு கீது பாரு. எடுத்துகினு போவாத."

"உங்களுக்குன்னா கோட்டு, எங்களுக்குன்னா பூச்சியா?" என்று கேட்டுக்கொண்டே, நடுங்குகிறவன் மேலிருந்து உருவினாள் ரத்தினம்மா. ஏனோக் கையை நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்தான். பிடியில் வலு இல்லை. அவளைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் வீட்டு ஆள் வெறும் மேலோடு பிளேக் வீட்டுக்குள் நுழைகிறான் என்றால் நீங்களும் உருவியிருப்பீர்கள்.

கோட்டு சூடாக இருந்தது. அந்தச் சூட்டோடு தசரதனுக்குப் போட்டுவிட்டாள்.

ஏனோக் பிணத்தைத் தூக்கவும் தசரதன்தான் போனான், அதே கோட்டில். பாக்கியவதி அழவில்லை. கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே தசரதனுக்கும் காய்ச்சல் கண்டது. அக்குளில் எலுமிச்சம்பழம்போல நெறி கட்டியது. நடுங்குகிறான் என்று கோட்டை எடுத்துப் போர்த்தப்போன ரத்தினம்மா, அவன் கழுத்தைப் பார்த்தாள். ஏனோக்குக்கு இருந்த அதே தடிப்பு. பாக்கியவதி சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எமனை வீட்டுக்குள் கூட்டிவந்து, பொத்தானும் போட்டுவிட்டது யார் என்று உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "நானே உன்னக் கொன்னுட்டேனே" என்று அவள் கதறியது லைன் முழுக்கக் கேட்டது. தசரதன் கண்ணைத் திறக்கவில்லை.

கோட்டைச் சுருட்டி அடுப்பில் திணித்தாள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி டேவிட் உள்ளே வந்தார். பின்னாலேயே பார்வதம்மா. தசரதன் இடத்துக்குப் போட்டிருந்த சின்னசாமியின் பெண்டாட்டி.

"சர்க்கார் சொத்துடி அது! என் வேலைக்கே உல வச்சிடாத," என்று மேஸ்திரி கோட்டைப் பிடித்து இழுத்தார். ஓரம் கொஞ்சம் கருகியிருந்தது, அவ்வளவுதான். தட்டித் துடைத்துப் பார்வதம்மா கையில் கொடுத்தார்.

ரத்தினம்மா அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "வேணாண்டி. வெறும் மேலோட போவட்டும் உம் புருஷன். இத்தப் போடாதடி, இதுல பூச்சி கீது, உன்னக் கும்பிடறேன்."

பார்வதம்மா காலை உதறினாள். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்குன்னா கோட்டு, எங்களுக்குன்னா பூச்சியா?" என்றாள்.

பார்வதம்மா கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டிருந்தது.