சாரத்துக்கு முன்னால் ஒரு சிலந்தி

உடுப்பு எடுக்கப் போன நிரூபா, கூடையைப் புல்லில் வைத்துவிட்டு அப்படியே நின்றாள். கொடிக்கம்பிக்கும் தேசிக்காய் மரத்துக்கும் நடுவே தோட்டச் சிலந்தி வலை பின்னிக்கொண்டிருந்தது. கோடை முடியத் தொடங்கியதிலிருந்து தினமும் அந்தியில் அதே இடத்தில் பின்னும். விடியுமுன் வலையைச் சுருட்டித் தின்றுவிட்டு இலைக்குள் ஒளிந்துகொள்ளும். சிட்னியின் பெண்டில் ஹில்லில் அந்த நேரம்தான் அவளுக்குப் பிடித்த நேரம்.

போனில் படம் எடுத்தால் வலை தெரியவில்லை. பின்னாலிருந்த வேலிதான் தெளிவாக விழுந்தது. காய்ந்துகொண்டிருந்த கணவனின் கருநீலச் சாரத்தை வலைக்கு நேர் பின்னால் இழுத்துவிட்டாள். அதன் ஓரத்தில் அயர்ன் சுட்ட ஓட்டை ஒன்று. பரவாயில்லை. இம்முறை ஒவ்வோர் இழையும் விழுந்தது. "எங்கட வீட்டுக்காரி. வடிவா இருக்கிறா, என்ன?" என்று எழுதி, கோயில் பெண்கள் குழுவுக்கு அனுப்பினாள்.

அனுப்புவதில் நிரூபாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாட்ஸ்அப்பில் எந்த எச்சரிக்கை வந்தாலும், "எதுக்கும் இருக்கட்டும்" என்று எழுதி எல்லாருக்கும் தள்ளிவிடுவாள். அனுப்பாமல் விட்டு யாருக்காவது ஏதும் நடந்துவிட்டால்? அந்தப் பயம் அவளுக்கு அன்பு போலவே தோன்றியது.

அடுத்த வாரம் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தபோது படத்தோடு ஒரு செய்தி வந்தது. மா பட்ட விரலால் தலைப்பை மட்டும் பார்த்தாள். "சிட்னியில் உயிர்க்கொல்லிச் சிலந்தி! கடித்தால் பத்து நிமிடம்தான்!" எதுக்கும் இருக்கட்டும். அனுப்பிவிட்டு மாவுக்குத் திரும்பினாள்.

சற்று நேரத்தில் ஹரிப்பிரியா போனில் கூப்பிட்டாள். கோயம்புத்தூர்க்காரி, ஐ.டி. வேலை. பள்ளி விட்டதும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் நிரூபாவிடம்தான் வருவார்கள். பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு அவர்களுடைய கூச்சல்தான் உயிர்.

"அக்கா, சாரி. நாளைலேர்ந்து பசங்கள அனுப்ப முடியாது."

"ஏன் பிள்ளை, என்ன நடந்தது?"

"நீங்கதானே அனுப்பினீங்க, கடிச்சா பத்து நிமிஷம்னு! அத வீட்டுல வச்சுக்கிட்டு எனக்கு வார்னிங் வேறயா?"

"எங்கட வீட்டிலயோ?"

"பின்னாடி தொங்குறது அண்ணனோட கைலிதானே? அந்த ஓட்டைய நான் டெய்லி பாக்குறேன்க்கா."

நிரூபா அந்தச் செய்தியிலிருந்த படத்தைப் பெரிதாக்கினாள். அதே சாரம், அதே ஓட்டை, அவள் எடுத்த அதே படம். குழுவிலிருந்து யாரோ எடுத்து, யாரோ பொய் எழுதி, கடைசியில் அவளிடமே வந்து, அவள் கையாலேயே மறுபடி கிளம்பியிருந்தது.

வேலையால் வந்த கணவன் சிவமணி நடந்ததைக் கேட்டுச் சிரித்தான். "உலகம் சுத்த நான் ஆசைப்பட்டன். என்ர சாரம் முந்திட்டுது." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஸ்பிரே அடிச்சு விடட்டே? பிள்ளையள் திரும்ப வருவினமெல்லோ," என்றான்.

"வேண்டாம். பொய் சொன்னது அது இல்லை."

சிலந்திகளைப் பற்றி விவரமறிந்தவர்கள் எழுதிய பக்கங்களைத் தேடி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். இந்தச் சிலந்தி கடிப்பது அரிது. கடித்தாலும் கொஞ்சம் வலியும் வீக்கமும்தான். அதையும், படம் தன் வீட்டில் எடுத்தது என்பதையும், பார்க்காமல் அனுப்பியது தன் பிழை என்பதையும், முன்பு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் எழுதினாள். ஹரிப்பிரியாவுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வரி: "நாளைக்குப் பின்னேரம் வந்து உங்கட கண்ணால பாருங்கோ."

ஹரிப்பிரியா வந்தாள். முதலில் தள்ளித்தான் நின்றாள். மூத்தவன், "லுக் அம்மா, ஷீ இஸ் ஃபிக்ஸிங் இட்!" என்று கத்தினான். இளையவள் யாரும் சொல்லாமலே, வலைக்குப் பின்னால் சாரத்தின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். மெல்ல மெல்ல ஹரிப்பிரியாவும் பக்கத்தில் வந்து, தன் போனை எடுத்தாள்.

"அழகாத்தான் இருக்குக்கா. குரூப்ல போடவா?"

நிரூபா சிரித்தாள். பிறகு வலையைப் பார்த்தபடி சொன்னாள்.

"போடுங்கோ பிள்ளை. ஆனா, என்னெண்டு தெரிஞ்சதை மட்டும் எழுதிப் போடுங்கோ. நான் அன்பெண்டு நினைச்சு அனுப்பினதெல்லாம் வெறும் பயம். உண்மையோ எண்டு பாக்காமல் அனுப்பினால், நாங்கள் எங்கட ஆக்களுக்குப் பயத்தைத்தான் அனுப்புறம். இனி 'எதுக்கும் இருக்கட்டும்' இல்லை. எதுக்கும் ஒருக்கால் பாப்பம்."