அவுட் காட்டிய விரல்

வீட்டுக்கு வரும் கடிதம் எதையும் எமிலியானுஸ் உடைப்பதில்லை. அது மகள் றொசானாவின் வேலை. வரி, காப்புறுதி, பள்ளிக்கூடம் என்று எந்தப் பத்திரம் வந்தாலும் ஒன்பது வயதிலிருந்து அவளே வாசிப்பாள், அவளே நிரப்புவாள், பல தடவை அப்பாவின் கையெழுத்தையும் அவளே போட்டுவிடுவாள். அவர் கீறுவதைவிட அவள் போடுவது வடிவாக இருக்கும். கனடாவின் டொலார்டில் பாதித் தமிழ் வீடுகளில் இந்தக் கூத்துத்தான் நடக்கிறது. பிள்ளைக்கு பிரெஞ்சு தெரியும் என்ற பெருமையில் வீட்டின் திறப்பையே அதன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு எதையாவது ஒளித்துவைக்கப் படாத பாடு படுவார்கள்.

சனிக்கிழமை காலை. மனைவி இமெல்டா முதியோர் இல்லத்து வேலைக்குப் போய்விட்டாள். குசினி மேசையில் றொசானா ஒரு நீள உறையைக் கிழித்தாள்.

"அப்பா, கோர்ட்டில இருந்து!"

எமிலியானுஸ் கதிரையை விட்டு எழும்பினார். அவள் சிரித்தாள்.

"பயப்பிடாதேங்கோ. உங்களை ஜூரிக்குக் கூப்பிட்டிருக்கினம். ஒருத்தன் குற்றவாளியோ இல்லையோ எண்டு நீங்களும் இருந்து சொல்லோணும்."

அவளுக்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சந்தோஷம். கனடியக் குடிமகனா? ஓம். பதினெட்டு வயதுக்கு மேலா? ஐம்பது. பிரெஞ்சு விளங்குமா? தொழிற்சாலையில் இருபது வருடம் பேசியது போதும். ஒவ்வொன்றாக வாசித்துப் பெட்டிக்குள் கோடு போட்டுக்கொண்டு வந்தவள், ஒன்றை மட்டும் வாய்விட்டு வாசிக்காமலே போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அதென்னம்மா?"

"அது சும்மா. கிறிமினல் கேஸில தண்டனை வாங்கி, பிறகு அரசாங்கத்திட்ட மன்னிப்பு எடுக்காத ஆளோ எண்டு கேக்கினம். இல்லை எண்டு போட்டுட்டன்."

"என்னைக் கேக்காமலோ?"

"இதையும் கேக்கோணுமே அப்பா?"

மன்னிப்புக்கு எழுதிப் போடு என்று இமெல்டா எத்தனை தடவை மன்றாடியிருப்பாள். அவர் எழுதவில்லை. எழுதினால் பதில் வீட்டுக்கு வரும், வந்தால் அதைப் பிள்ளை உடைப்பாள் என்ற பயந்தான். இப்போது எழுதாததும் பிள்ளையின் கையிலேயே வந்து நிற்கிறது.

றொசானா பேனையை எடுத்து அவருடைய கையெழுத்தைப் போடக் குனிந்தாள். கீழே, சொன்னதெல்லாம் உண்மை என்று அச்சடித்திருந்தது.

"வையாதை."

"ரெண்டு செக்கன் அப்பா."

"வையாதை எண்டு சொன்னனானெல்லே!"

பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் பேனை தெறித்துச் சுவரில் அடித்தது. "விடுங்கோ, நோகுது!" என்று அவள் கத்திய பிறகும் அந்தக் கை விடவில்லை. அவள் முகத்தில் பயம் தெரிந்தது. அந்தப் பயத்தை எமிலியானுஸ் முன்பும் ஒரு முகத்தில் பார்த்திருக்கிறார்.

அது தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், பக்கத்து ஊரான பியர்ஃபோன்ட்ஸில் ஒரு பூங்கா. ஊருக்கொரு கழகம் வைத்து கிரிக்கெட் விளையாடிய காலம். எமிலியானுஸுக்கு இருபத்துநாலு வயது. அன்றைக்கு அவர் செய்ததற்கு மரியாதை போட்டுப் பேச ஏலாது. அவன் என்றே சொல்லவேண்டும். கடைசி ஓவரில் அவன் ஓடிய ஓட்டத்துக்கு நடுவர் அருமைநாதன் வலது கையைத் தூக்கி, ஆள்காட்டி விரலால் அவுட் காட்டினான். கால் கோட்டுக்கு உள்ளேதான் என்று இவன் துள்ளினான். பார்த்து நின்றவர்கள் கூவிச் சிரித்தார்கள். ஒரு சிரிப்பு, அவ்வளவுதான் விஷயம்.

மர நிழலில் ஆட்டிறைச்சி வெட்டிக்கொண்டிருந்தார்கள். போனான், கத்தியைப் பறித்தான், அதே வேகத்தில் திரும்பி வந்தான். முதல் வெட்டு அருமைநாதனின் தோளில் விழுந்து எலும்பில் இறுகியது. இழுத்தெடுத்து இரண்டாவதை ஓங்கியபோது அருமைநாதன் வலது கையால் முகத்தை மறைத்தான். மூன்று விரல்கள் புல்லில் விழுந்தன. அதில் அந்த ஆள்காட்டி விரலும் ஒன்று. விழுந்தவனை இவன் உதைத்தான். வயிற்றில் உதைத்தான், வாயில் உதைத்தான், பல்லும் இரத்தமுமாய்த் துப்பியவனைப் பார்த்து "இப்ப காட்டடா அவுட்!" என்று கத்தினான். நாலு பேர் தொங்கித்தான் இழுத்தெடுத்தார்கள். சொல்ல வெட்கக்கேடு, அந்த நேரம் இவனுக்கு அது இனித்தது. குளிர்பானப் பெட்டிக்குள் ஐஸோடு போட்டுக் கொண்டுபோன விரல்களை வைத்தியசாலையில் பொருத்த முடியவில்லை. எமிலியானுஸ் பதினெட்டு மாதம் உள்ளே இருந்தான்.

இப்போது மகளின் மணிக்கட்டை விட்டார். வெளிறிப் போன இடத்தில் இரத்தம் திரும்பி, விரல் விரலாகச் சிவந்தது.

"மற்றப் பெட்டியில போடு."

"எந்தப் பெட்டி?"

"தண்டனை வாங்கின ஆள் எண்ட பெட்டியில." கதிரையில் உட்கார்ந்தார். "அருமைநாதன் மாமான்ர விரலை நான்தான் வெட்டினனான்."

றொசானா சிரிக்கப் பார்த்தாள். அருமைநாதன் மாமாவை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஞாயிறு தமிழ்ப் பூசையில் இடது கையால் தாளைப் பிடித்து வாசகம் வாசிப்பவர். அப்பா எப்போதும் அவர் நிற்காத வரிசையில் போய் நற்கருணை வாங்குவார். ஏனென்று அவள் யோசித்ததில்லை. அந்தக் கையைப் படம் எடுத்துக் கொண்டுபோய், பள்ளியில் போரைப் பற்றி பிரெஞ்சில் பேசிப் பரிசும் வாங்கினாள். இங்கே உடம்பில் வடு உள்ள தமிழன் என்றால் அது அங்கே, போரில் வந்த வடு என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

"அது ஆமி அடிச்ச ஷெல், அப்பா. அவரே எனக்குச் சொன்னவர்."

அவர் தலையாட்டவில்லை. அவள் தொலைபேசியை எடுத்து, இலக்கத்தை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தாள்.

"மாமா, றொசானா. உங்கட விரல் எப்பிடிப் போனது?"

"ஏன் பிள்ளை, திரும்பவும் பேச்சுப் போட்டியோ? நாவாந்துறையில ஷெல் விழேக்க. சொன்னனான்தானே."

எமிலியானுஸ் குனிந்தார். "அருமை, நான் எமிலி. பிள்ளைக்குச் சொல்லிப்போட்டன்."

இருபது வருடத்துக்கு மேலாக இருவரும் ஒரே கோவிலுக்குப் போய், ஒரு சொல் பேசாமல் திரும்பியவர்கள்.

"ஆரைக் கேட்டுச் சொன்னனீ?" அருமைநாதனின் குரல் கரகரத்தது. "உன்னைக் காப்பாத்தத்தான் நான் பொய் சொன்னனான் எண்டு நினைச்சியோ? ஆமியின்ர ஷெல் எண்டால் சனம் எனக்கு எழும்பிக் கதிரை தரும். உன்னட்டை வெட்டு வாங்கி, புல்லில கிடந்து உதை வாங்கினவன் எண்டால் சிரிக்கும். அண்டைக்கு உன்னைப் பாத்துச் சிரிச்சவைதானே? அப்ப நிண்டவையும் இப்ப வேற ஊர். என்ர மூண்டு பிள்ளையளும் அந்த ஷெல்லைத்தான் நம்பி வளர்ந்ததுகள். இனி அதுகளுக்கு ஆர் சொல்லுறது? நீ வந்து சொல்லுறியோ?"

"வாறன்."

"வராதை. வந்தால் நான் என்ன செய்வனெண்டு எனக்கே தெரியாது."

தொடர்பு அறுந்தது.

றொசானா எழுந்து பேனையைத் தேடி எடுத்தாள். முதலில் போட்ட கோட்டை அடித்துவிட்டு, மற்றப் பெட்டியில் அழுத்திக் கோடு போட்டாள். தாள் கிழியவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

"இந்தக் கையாலதானே?" என்றாள்.

மேசையில் கிடந்த வலது கையை எமிலியானுஸ் பார்த்தார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் சின்ன வயதில் கார்தெரிக் காப்பகத்துக்குப் போனவள், பனியில் வழுக்கும்போதெல்லாம் இறுக்கிப் பிடித்தவள். "ஓம்" என்றார்.

கையெழுத்து வைக்க அவர் கையை நீட்டினார். இத்தனை வருடமும் அவரே கையெழுத்து வைக்கவேண்டி வந்தால் பேனையை அவர் விரலுக்குள் திணித்து, இந்த இடம் அப்பா என்று காட்டியவள் அவள்தான். இன்றைக்கு அவள் சட்டைக் கையை மணிக்கட்டு மறைய இழுத்துவிட்டாள். பேனையைத் தாளின் மேல் வைத்து, மேசை நெடுக அவர் பக்கம் தள்ளிவிட்டு, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள்.