மூக்கில்லாத ரோபோவுக்கு மூக்கரிப்பு

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த விண்வெளி விடுதியில் ரோபோ வேலை பார்த்தது ஒரு மனிதன்.

எல்லாம் விருந்தாளிகள் படுத்திய பாடு. அந்தக் காலத்து ஆட்கள் எதிர்காலம் எப்படி இருக்கும் என்று கற்பனை பண்ணிப் படம் போட்டார்களோ, அச்சு அசலாக அப்படியே கட்டிய விடுதி அது. வட்ட வட்டமாக ஜன்னல்கள், சுவர் முழுக்க முள் ஆடும் பித்தளை மீட்டர்கள், உள்ளங்கை அகலத்துக்குக் குமிழ்கள், மினுக் மினுக்கென்று சிவப்பு பல்புகள், சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு மாத்திரை. அத்தனையும் பொய். காற்றையும் தண்ணீரையும் கவனித்துக்கொள்ளும் நிஜ இயந்திரங்கள் பலகைக்குப் பின்னால் மூச்சுக் காட்டாமல் வேலை செய்துகொண்டிருந்தன. பலகைக்கு முன்னால் இருந்த நெம்புகோல்கள் எதனோடும் சேர்ந்தவை அல்ல. இழுத்தால் கொஞ்சம் முரண்டு பிடிக்கட்டும் என்று உள்ளே ஒரு ஸ்பிரிங் மட்டும் போட்டிருந்தார்கள். மாத்திரையை விழுங்கி ஆஹா ஓஹோ என்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள், அடுத்த அறையில் போய் வயிறு முட்டச் சாப்பிடுவார்கள்.

ஆரம்பத்தில் நிஜ ரோபோக்களைத்தான் இறக்கினார்கள். அவை மனிதர்களைவிட நளினமாக நடந்து தொலைத்தன. "என்னங்க இது, ரோபோ மாதிரியே இல்லையே!" என்று விருந்தாளிகள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். தகரப் பெட்டிக்குக் கால் முளைத்த மாதிரி தடக் தடக்கென்று வர வேண்டுமாம். சரி போ என்று தகரத்தில் ஓர் உடுப்பு அடித்து, அதற்குள் ஓர் ஆளை அடைத்தார்கள். பதினோரு வருடமாக அந்த ஆள் இவன்தான். இவனுடைய சொந்தப் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய், 'தகரம்' என்பதே பெயராகிவிட்டது.

அந்த உடுப்பை உள்ளே இருப்பவன் கழற்ற முடியாது. முதுகுப் பக்கம் பன்னிரண்டு திருகாணிகள். வெளியிலிருந்து இன்னொருவர்தான் பூட்டவும் திறக்கவும் வேண்டும். அந்த இன்னொருவர் இவனுடைய அக்கா. விடுதியின் தையல்காரி. இருவரும் ஒரே கப்பலில் வேலைக்கு ஏறி வந்தவர்கள். ஒரே அறை, மேலும் கீழுமாக இரண்டு கட்டில். அம்மா போன பிறகு இவனுக்கு அம்மா, அப்பா, சொந்தபந்தம் எல்லாமே அக்காதான். "எங்க அக்கா திருகாணியைத் திறக்க மறந்துட்டா நான் உள்ளயே ஊறுகாய்தான்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். மறப்பாள் என்று கனவில்கூட நினைத்ததில்லை.

விடுதியில் ஒரே ஒரு சட்டம் கறார். வேலை இருந்தால் இடம் உண்டு, வேலை போனால் அடுத்த கப்பலில் கீழே இறங்கிவிட வேண்டியதுதான். மற்றவர்களுக்குக் கீழே போவது ஊருக்குப் போவது போல. இவனுக்கு அப்படியில்லை. தகரத்துக்குள் பதினோரு வருடம் தடக் தடக்கென்று நடந்ததில் வலது முட்டி தேய்ந்து போயிருந்தது. மேலே எடை பாதிதான் என்பதால் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. "தரையில முழு எடை. இந்த முட்டி ஒரு மாசம் தாங்காது, அப்புறம் சக்கர நாற்காலிதான்" என்று டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். அக்காவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் முதுகு வலிக்கிறது என்று இவன் முனகினான். மறுநாளே அக்கா கழுத்தை மூடுகிற மாதிரி ஒரு பஞ்சு வைத்த உள்சட்டையும், அதற்குச் சோடியாக முட்டி வரைக்கும் ஒரு காற்சட்டையும் தைத்து நீட்டினாள். "தகரத்துக்குள்ள இதைப் போட்டுக்கோ, உறுத்தாது. ஒரு நாளும் விடாமப் போடணும், தெரிஞ்சுதா?" இவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. வலி குறைந்ததோ இல்லையோ, சமையற்கட்டிலிருந்து சலவை அறை வரைக்கும் போய் 'எங்க அக்கா தைச்சது' என்று காட்டிவிட்டு வந்தான்.

அன்றைக்குக் காலை, விருந்தாளிகளை உள்ளே விடுவதற்கு முன்னால், வேலையாட்கள் எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்திருந்த இன்ஜினியர் பெண் திரையை விலக்கினாள். தகர உடுப்பு ஒன்று தானாக நடந்து வந்தது. உள்ளே ஆள் கிடையாது, முழுக்க இயந்திரம்.

தடக். தடக். தடக். மூன்றாவது எட்டில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடியும் தடக்.

"டேய் தகரம், உன்னை மாதிரியே நடக்குதுடா!" என்று சமையல்காரர் இவன் தோளில் தட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். இவனும் சிரித்து வைத்தான். ஆனால் மூன்றாவது எட்டில் நிற்பது இவன் முட்டி வலிக்காக நிற்கிற நிற்பு. ரோபோவுக்கு ஏது முட்டி வலி?

அதையாவது தற்செயல் என்று சொல்லலாம். அடுத்து நடந்ததுதான் கொடுமை. அந்த இயந்திரம் கூடத்தின் நடுவில் நின்று, தலையை இடப்பக்கம் வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டியது.

தகரத்துக்குள் மூக்கு அரித்தால் சொறிய முடியாது. கை உள்ளே வராது. அதனால் இவன் தலையை வெடுக்கென்று திருப்பி, உள்பக்கத் தகரத்தில் மூக்கைத் தேய்த்துக்கொள்வான். 'ரோபோ யோசிக்குது, ரோபோ யோசிக்குது' என்று பிள்ளைகள் கை தட்டும். அது யோசனை இல்லை, அரிப்பு என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இப்போது மூக்கே இல்லாத ஒரு ஜடம் மூக்கைச் சொறிந்துகொண்டு நிற்கிறது.

கூட்டம் கலைந்ததும் இன்ஜினியர் பெண் இவனிடம் ஓடி வந்தாள். முகமெல்லாம் சந்தோஷம்.

"அண்ணா, உங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். ஆறு மாசம், ஒரு நாள் விடாமச் சட்டையைப் போட்டிருக்கீங்க. உங்க ஒவ்வொரு அசைவும் அப்படியே வந்து சேர்ந்துச்சு."

"எந்தச் சட்டை?"

"அந்த உள்சட்டைதான். நீங்கதானே சம்மதக் கடிதத்துல கையெழுத்துப் போட்டீங்க? நாளைக்குப் பத்து மணிக்கு மேனேஜர் ரூம்ல, 'ஆமா, இது என் கையெழுத்து'ன்னு ஒரு தடவை வாயால சொல்லிட்டீங்கன்னா போதும். விதிமுறை, அவ்வளவுதான்."

அவள் மேல் தப்பில்லை. இவனுக்குத் தெரியும் என்றே பாவம் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். இவன் தலையாட்டிவிட்டு நேராகத் தையல் அறைக்கு நடந்தான்.

அக்கா மெஷினில் வெள்ளித் துணி ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தாள். இவன் உள்சட்டையைக் கழற்றி மேசையில் போட்டு, அவளுடைய கத்தரிக்கோலையே எடுத்து, தோள் தையலைப் பிரித்தான். பஞ்சுக்கு நடுவில் மயிரிழை மாதிரி கம்பிகள். ஒவ்வொன்றும் இடம் மாறாமல் இருக்க, நெருக்கமாக, அழகாக, கையாலேயே தைத்திருந்தாள். அக்காவின் தையலை ஆயிரத்தில் ஒன்றாக வைத்தாலும் இவன் கண்டுபிடித்துவிடுவான்.

"உறுத்தாதுன்னு சொல்லித்தானேக்கா இதைக் கொடுத்த?"

மெஷின் நின்றது. அக்கா துணியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னிக்குச் சாயங்காலம் சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"ஆறு மாசமா சாயங்காலமே வரலையா?"

"கத்தாதடா. ஒரு ரூமுக்கு ஒருத்தர்தான் இனிமேன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர். நீ அசைவைக் கொடுத்தா நான் இருக்கலாம்னாங்க. நான் என்ன பண்ணட்டும்? எனக்கு ஐம்பத்திரண்டு வயசாச்சு. கீழ போனா யாருடா எனக்கு வேலை கொடுப்பா? கீழ எனக்குன்னு யாரு இருக்கா?"

"எனக்கு மட்டும் கீழ யாருக்கா இருக்கா? என் முட்டி என்ன ஆகும்னு டாக்டர் சொன்னப்ப நீயும்தானே நின்ன?"

அக்கா வெள்ளித் துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ என்னையே இருக்கச் சொல்லியிருப்ப."

"அப்பக் கேட்டிருக்க வேண்டியதுதானே!"

தொண்டை கிழிய வந்த அந்தச் சத்தம் இவனுக்கே புதிதாக இருந்தது. அக்கா சட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிரிந்த தையலை விரலால் நீவினாள்.

"நாளைக்கு நீ இல்லைன்னு சொன்னா, கள்ளக் கையெழுத்துன்னு என்னை அடுத்த கப்பல்லயே ஏத்திடுவாங்க. இயந்திரத்தையும் மூட்டை கட்டிடுவாங்க, நீ இருந்துக்கலாம். உன் இஷ்டம்டா. நான் ஒண்ணும் சொல்லலை."

அன்றைக்கு விருந்தாளிகள் முன்னால் நான்கு ஆட்டம் இருந்தது. அக்காதான் திருகாணி பூட்டினாள், அக்காதான் திறந்தாள். இரண்டாவது ஆட்டத்தில் தகரத்துக்குள் இவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டாளே என்று நெஞ்சு கொதித்தது. கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நமநமத்தது. துடைக்க வழியில்லாமல் தலையை வெடுக்கென்று திருப்பித் தேய்த்தான். 'ரோபோ யோசிக்குது!' என்று பிள்ளைகள் குதித்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். இவன் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தான்.

சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். எனக்குச் சோறு இல்லாமல் அவள் சாப்பிட்டதில்லையே, பயத்தில்தானே செய்துவிட்டாள் என்று மனசு அவள் பக்கமே வக்காலத்து வாங்கியது. நான்காவது ஆட்டம் முடிவதற்குள் முடிவு செய்துவிட்டான். 'ஆமா, என் கையெழுத்துதான்' என்று சொல்லிவிடுவது. சக்கர நாற்காலி வந்தால் வரட்டும். அக்காவைக் காட்டிக் கொடுத்துவிட்டு அந்த அறையில் தனியாக எப்படிப் படுப்பது?

மறுநாள் பத்து மணி. மேனேஜர் அறையிலும் சுவர் முழுக்கப் பொய் மீட்டர்கள்தான். மேனேஜர், இன்ஜினியர் பெண், அக்கா, இவன். மேனேஜர் நல்ல மனிதர். கடிதத்தை இவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"அவசரமே இல்லை, நிதானமாப் பாருங்க. டாக்டர் வேற உங்க முட்டியைப் பத்திக் குறிப்பு எழுதியிருக்கார். கீழ போனா உங்களுக்குக் கஷ்டம்ங்கறார். இதெல்லாம் தெரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டீங்களா? இது உங்க கையெழுத்துதானே?"

கையெழுத்து அச்சு அசலாக இவனுடையதாகவே இருந்தது. எத்தனை தடவை போட்டுப் பழகினாளோ! இவன் ஒரு பெருமூச்சு விட்டு, 'ஆமா சார்' என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல் நுனிநாக்கில் நின்றது.

"அவன்தான் சார் போட்டான்" என்றாள் அக்கா. இவனைத் திரும்பிப் பார்க்காமல், மேனேஜரையே பார்த்து, மளமளவென்று சொன்னாள். "என் கண்ணு முன்னாடிதான் போட்டான். இந்த வேலை சலிச்சுப் போச்சுன்னு ரொம்ப நாளா அவனே புலம்பிட்டிருந்தான். முட்டி வலியெல்லாம் சும்மா சார். லீவு வேணும்னா அப்படித்தான் நொண்டுவான். சின்ன வயசுலேர்ந்தே அவன் அப்படித்தான்."

இவன் அக்காவின் பக்கவாட்டு முகத்தைப் பார்த்தான். ஒரு நடுக்கம் இல்லை, ஒரு தடுமாற்றம் இல்லை. இவன் கொடுக்க வந்ததை வாங்கிக்கொள்ளும் அளவுக்குக்கூட அவளுக்கு இவன் மேல் நம்பிக்கை இல்லை. பதினோரு வருடம் ராத்திரி ராத்திரியாக இந்த முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்ட கை, இதோ மடியில் சாதுவாக மடங்கிக் கிடக்கிறது.

"நீங்க சொல்லுங்க" என்றார் மேனேஜர் இவனிடம். "உங்க வாயால."

"இல்லை சார்" என்றான் இவன். "நான் போடலை."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். இன்ஜினியர் பெண் திகைத்துப்போய்க் கடிதத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். நேற்றுக் காலையிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக அக்கா இவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"டேய்" என்றாள். "நான் உன் அக்காடா."