பதினாறு குண்டான்கள்

மணி ஆறு பத்து. அந்தோணியார் கோயில் பாத்திர அறைக் கதவில் பூட்டு தொங்கியது. சாவியைத்தான் காணவில்லை.

செல்வராணி பூட்டைப் பிடித்து இரண்டு இழுப்பு இழுத்தாள். அது அசையவில்லை. அவளுக்குப் பின்னால், கோயில் சமையல்கட்டில் இருபத்தைந்து கிலோ அரிசி தயார். வெங்காயம் நறுக்கியாகிவிட்டது. பன்னிரண்டரைக்குத் திருச்சி ரோட்டுத் தையல் கம்பெனியில் இருநூறு பெண்கள் சாப்பிட உட்காருவார்கள். இன்றைக்குச் சோதனைச் சாப்பாடு. பிடித்துப்போனால் தினமும் ஆர்டர்.

பிடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு கோயில் மைக்கில் பட்டியல் வாசிப்பார்கள். 'செல்வராணி, விதவை' என்றதும் எழுந்து போய், போட்டோவுக்குச் சிரித்து, சேலையும் அரிசிப் பையும் வாங்கி வர வேண்டும். பதினோரு வருடமாக இதுதான் நடக்கிறது. ப்ளஸ் டூ படிக்கும் மகள் அறிவுமதி போன வருடமே சொல்லிவிட்டாள். "அடுத்த தடவ மைக்ல ஒன் பேரு வந்துச்சுன்னா, நான் கோயிலுக்கே வரமாட்டேன்ம்மா."

ஜூனில் மாற்றலாகி வந்த பங்குச் சாமியார் எழிலரசனும் அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பதினோரு வருஷமா இதுல ஒரு பேருகூடக் குறையலையே, ஏன்?" திருவிழா விருந்துக்காக வருடத்தில் ஒரு நாள் மட்டும் திறக்கும் சமையல்கட்டையும் பெரிய அண்டாக்களையும் மற்ற நாட்களுக்கு, அந்தப் பட்டியலில் இருந்த செல்வராணி உள்ளிட்ட எட்டுப் பெண்களிடம் ஒப்படைத்தார். இரண்டு பேரைப் புதுக்கோட்டைக்கு அனுப்பி ஒரு மாதம் சமையல் பயிற்சி கொடுத்தார். "ஆர்டரை மட்டும் நீங்கதான் பிடிக்கணும். நான் போய்க் கேட்டா இரக்கப்பட்டுக் குடுப்பாங்க. அது ஒரு மாசம்தான் ஓடும்," என்றார். செல்வராணி அந்தக் கம்பெனி வாசலில் ஐந்து தடவை போய் நின்று பிடித்த ஆர்டர் இது.

சாவி கோயில்பிள்ளை ஞானமணியிடம் இருக்கும். மணியடிப்பதும் கதவு திறப்பதும் அவர் வேலை. போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டில் கேட்டால், "மொத பஸ்ஸுக்கே கீரனூரு கெளம்பிட்டாரு. பேயறஞ்ச மாதிரி போனாரு," என்றாள் அவர் மனைவி.

"ஏறுடி," என்றாள் சந்தனமேரி. எட்டுப் பேரில் ஸ்கூட்டியும் துடுக்கு வாயும் உள்ளவள் அவள்தான்.

ஆறு கிலோமீட்டரை எட்டு நிமிடத்தில் பறந்தார்கள். கீரனூர் பஸ் ஸ்டாண்டில், ஆறிப்போன டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஞானமணி நின்றிருந்தார். இவர்களைப் பார்த்ததும், கேட்கும் முன்பே சாவியை எடுத்து நீட்டினார்.

அதுதான் செல்வராணிக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்தச் சாவியைக் கேட்டால் பிஷப்புக்கே யோசித்துக் கொடுக்கிற ஆள் அவர்.

"அண்ணே, உள்ள அண்டா இருக்கா?"

ஞானமணி டீயைப் பார்த்தார். பஸ்ஸைப் பார்த்தார். "இல்ல தாயி."

"எங்க?"

"என் அக்கா வீட்டுக்காரரு ராக்கன் இருக்காருல்ல, அவரு கருப்பருக்குக் கெடா வெட்டுறதா வேண்டியிருந்தாரு. நேத்து மதியம் வேல முடிஞ்சிரும், சாயந்தரம் திருப்பித் தந்துர்றேன்னாரு. நம்பிக் குடுத்தேன்."

"கருப்பருக்கு அந்தோணியார் அண்டாவா?" சந்தனமேரிக்குக் கோபத்தை மீறிச் சிரிப்பு வந்தது. "அண்டா வெளிம்புல 'புனித அந்தோணியார் ஆலயம்'னு வெட்டியிருக்குமே, அதை யாரும் பாக்கலையா?"

"செவுத்துப் பக்கமாத் திருப்பி வச்சிருக்காரு."

"சரி, சாயந்தரம் ஏன் வரல?"

"கெடா கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சும்மா. இன்னைக்கி விடியக்காலம்தான் புடிச்சிருக்காக. இப்ப மூணு அண்டாவுலயும் கறி கொதிக்குது. வாடகைக்குப் புடிக்கலாம்னு இங்கிட்டு ஓடி வந்தேன். முகூர்த்த நாளு. நாலு கடையிலயும் ஒரு தவலைகூட இல்ல."

மணி ஆறு ஐம்பது.

சந்தனமேரி வாயைத் திறந்தாள். அடுத்து வரப்போவது கோயில்பிள்ளையைப் பற்றி என்று தெரிந்து செல்வராணி கையமர்த்தினாள். அவள் மனசு வேறெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. மூன்று வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ். சென்னையிலிருந்து ஒரு புண்ணியவான், சேலைக்குப் பதிலாக வீட்டுக்கு ஒரு குண்டான் அனுப்பினார். ஊரை நேரில் பார்க்காத மனிதர். நாலு பேர் உள்ள வீட்டுக்கு, மூன்று கிலோ அரிசி வேகும் அலுமினியக் குண்டான். பட்டியலில் இருந்த நாற்பது வீட்டிலும் அதை ஒரு நாள்கூட அடுப்பில் ஏற்றியது கிடையாது.

"அண்ணே, வண்டியில ஏறுங்க. கோயில் மணிய அடிக்கணும்."

"இந்த நேரத்துக்கா? எழவு விழுந்துருச்சுன்னு நெனப்பாகளே."

"நெனக்கட்டும். அப்பத்தான் ஓடி வருவாக."

ஒரு ஸ்கூட்டியில் மூன்று பேர் ஊர் திரும்பினார்கள். ஞானமணி கோயில் மணிக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். இரண்டாவது நிமிடத்திலேயே ஊர் கோயில் முன் திரண்டுவிட்டது. ஒருவர் பாதிச் சவரத்தோடு வந்தார். "யாரு போய்ச் சேந்தது?" என்று நாலா பக்கமும் கேட்டார்கள்.

செல்வராணி கோயில் படியில் ஏறி நின்றாள். மைக்கில் தன் பெயர் வந்தால் குனிந்து நடந்து வந்த அதே படி. "யாரும் சாகல. எனக்குக் குண்டான் வேணும்."

கூட்டம் ஒரு நொடி முழித்தது. அவள் அண்டா கதையைச் சுருக்கமாகச் சொன்னதும், ஞானமணியை முறைக்கக்கூட நேரமில்லாமல் கலைந்து ஓடியது. ஒரு வீட்டில் குண்டானுக்குள் உளுந்து இருந்தது. ஒரு வீட்டில் பிள்ளையின் பழைய பாடப் புத்தகங்கள். சந்தனமேரி வீட்டுக் குண்டானில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"அதை விட்டுருங்க, இன்னும் மூணு நாள்ல பொரிஞ்சிரும்," என்று அவள் கெஞ்சியதை அன்றைக்குத்தான் ஊர் முதன்முதலாகக் கேட்டது.

ஓட்டை விழுந்ததும் ஒடுக்கானதும் போக, பதினாறு தேறின. பெண்கள் புளி போட்டுத் தேய்த்தார்கள். ஞானமணி செங்கல் அடுக்கி, கோயில் வளாகத்தில் வரிசையாக அடுப்புக் கூட்டினார். சாம்பார் சாதம் எட்டில், எலுமிச்சை சாதம் ஐந்தில், பொரியல் மூன்றில்.

பக்கத்து ஊர்த் திருப்பலி முடிந்து சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வந்தார் எழிலரசன் சாமியார். "நான் என்ன செய்யட்டும்?"

"பொக வரும், கொஞ்சம் தள்ளி நில்லுங்க சாமி. அதுவே பெரிய ஒத்தாச," என்றாள் சந்தனமேரி. அவர் சிரித்துக்கொண்டே தள்ளி நின்றார்.

பன்னிரண்டு இருபதுக்குக் குட்டியானை வண்டி கம்பெனி வாசலில் நின்றது. மேனேஜர் நாகராசு, பதினாறு குண்டான்களும் ஒவ்வொன்றாக இறங்குவதைப் பார்த்தார். அவர் புருவம் மேலே போனது.

"என்னம்மா இது? அண்டாவுல கொண்டு வருவீங்கன்னு பார்த்தேன்."

செல்வராணி ஒரு குண்டானின் மூடியை அழுத்திச் சரிசெய்தாள். "அண்டாவுல கொண்டாந்தா கடைசிப் பந்திக்கு ஆறிரும் சார். அடியில கொழஞ்சும் போயிரும். இது ஒண்ணு முடியிற வரைக்கும் இன்னொண்ணு மூடியே இருக்கும்."

நாகராசு கடைசிப் பந்தி வரை காத்திருந்தார். பதினாறாவது குண்டானை அவரே திறந்தார். ஆவி வந்து கண்ணாடியை மூடியது. ஒரு தட்டு சாப்பிட்டார். அப்புறம் இன்னொரு தட்டு.

"திங்கக்கிழமையிலேர்ந்து தினமும் கொண்டாங்க," என்றார். "இதே குண்டான்லதான் வரணும்."

மூன்று அண்டாக்களும் சாயந்தரம் வந்து சேர்ந்தன. கூடவே, மன்னிப்பாக ஒரு வாளிக் கறிக்குழம்பும் ராக்கன் கொடுத்தனுப்பியிருந்தார். எட்டுப் பெண்களும் அதைச் சோற்றில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு ஞானமணியை மன்னித்தார்கள். சாவி மட்டும் அன்றிலிருந்து சமையல்கட்டு ஆணியில் தொங்குகிறது.

ஐந்து வாரம் கழித்துக் கிறிஸ்துமஸ் பட்டியல் வந்தது. நாற்பது பெயர் முப்பத்திரண்டாகியிருந்தது. வேறு யாரும் அடிக்கவில்லை. எட்டுப் பேரும் தாங்களாகவே போய்த் தங்கள் பெயரை அடித்துவிட்டு வந்திருந்தார்கள். அறிவுமதி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

மைக் பிடித்தது ஞானமணி. தாளைப் பார்க்காமலே ஒப்பிக்கிற பழக்கம் அவருக்கு. "செல்வராணி, வித..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்தார்.

கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பக்கவாட்டுக் கதவுக்கு வெளியே, சமையல்கட்டு ஜன்னலில், கையில் கரண்டியோடு செல்வராணியின் முகம்.

"இங்கிட்டுத்தாண்ணே இருக்கேன். இன்னைக்கி எங்க எட்டுப் பேரு சாப்பாடு. சோறு எறக்கியாச்சு. வாசிச்சு முடிச்சிட்டு எல்லாரையும் சாப்பிடக் கூட்டிக்கிட்டு வாங்க," என்றாள்.

முதலில் சிரித்தது அறிவுமதிதான். எழுந்து, ஜன்னல் பக்கம் நடந்தாள், பரிமாற.