இசை தணிந்த இடங்கள்

என் மாமனாருக்கு நான் செய்வது ஒரு வேலையாகவே பட்டதில்லை. மாப்பிள்ளை என்ன பண்றார் என்று யாராவது கேட்டால், "பாட்டுச் சத்தத்தை ஏத்தி இறக்குவார்" என்பார். ஒலித்தொகுப்பு என்று ஒரு தொழில் இருப்பதைப் பதினெட்டு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் காலை என் அறைக்கே வந்து, கதவைத் தட்டாமல் நுழைந்து, "ஒரு சின்ன உதவி" என்றார். மழை கொட்டுகிறதா என்று ஜன்னல் வழியே பார்க்கலாமென்றால், வெளிச்சத்தம் வராமலிருக்க அதில் மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தேன்.

அவர் தொடங்கி, முப்பத்திரண்டு வருடம் தலைமையாசிரியராக ஆண்ட பள்ளிக்கு ஐம்பது வயதாகிறதாம். பழைய மாணவர்கள் கூடுகிறார்களாம். அவர் குரலிலேயே பள்ளியின் வரலாறு, இருபது நிமிடம், பின்னணியில் இசையோடு வேண்டுமாம்.

"நான் பேசும்போது பாட்டு குறையணும், நிறுத்தும்போது கூடணும். அதானே உங்களுக்குத் தெரிஞ்ச வேலை?"

"அதைக்கூட நான் செய்யிறதில்ல மாமா. சாஃப்ட்வேரே பாத்துக்கும்."

அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி. பதினெட்டு வருடச் சந்தேகம் தீர்ந்துவிட்டதே.

எங்கள் தொழிலில் இதற்கு டக்கிங் என்று பெயர். இது பேச்சு, இது இசை என்று சாஃப்ட்வேருக்குச் சொல்லிவிட்டால், பேச்சு வரும் இடத்திலெல்லாம் இசையை அதுவே தணித்துவிடும். எவ்வளவு சின்னச் சத்தத்தைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. மாமா வாக்கியத்தைச் சிங்கம்போல ஆரம்பித்து ஈனஸ்வரத்தில் முடிப்பவர். அதனால் மிகச் சின்னச் சத்தத்தையும் பேச்சாக எடுத்துக்கொள்ளும்படி அதைத் திருப்பி வைத்தேன்.

பதிவு நல்லபடியாக நடந்தது. மாமா மைக்கின் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் முக்காலியில், மடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு என் மாமியார். "அத்தை எதுக்கு?" என்று நான் கேட்கவில்லை. மாமாவே சொன்னார்: "சும்மா உக்காந்திருக்கட்டும்." அத்தையும் சும்மா உட்கார்ந்திருந்தார். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

அடுத்த நாள் போட்டுக் கேட்டால், இசை பைத்தியம் பிடித்த மாதிரி நடந்துகொண்டது. மாமா மூச்சு வாங்கும் இடங்களில், கம்பீரமாக எழும்ப வேண்டிய இசை, யாரோ அதட்டினாற்போல் அடங்கிப்போனது. ஓரிடம் ஈரிடம் இல்லை, நாற்பத்திரண்டு இடம். சாஃப்ட்வேரைத் திட்டினேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் வேறு வழியில்லாமல், ஒரு தொகுப்பாளன் முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். இசையை நிறுத்திவிட்டு, அந்த இடங்களை மட்டும் சத்தம் கூட்டிக் கேட்டேன்.

அத்தையின் குரல். "எழுபத்தெட்டு இல்ல, எழுபத்தாறு." அடுத்து மாமா, முழங்குகிறார்: "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில்!" மறுபடி அத்தை: "முப்பத்தொரு பிள்ளைங்க." மாமா: "முப்பத்தொரு பிள்ளைகளோடு, தன்னந்தனியாகத் தொடங்கினேன்!" காற்றில் கூரை போன மாதம், கட்டட அனுமதி வந்த கிழமை, எல்லாம் இந்தப் பக்கத்திலிருந்து போய் அந்தப் பக்கத்தில் கர்ஜனையாக வந்தது. இந்த வீட்டில் அத்தை சொல்வதை ஒரு பேச்சாக எடுத்துக்கொண்டது அந்த சாஃப்ட்வேர் ஒன்றுதான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் மாமா சொல்கிறார்: "முதல் நாள் முதல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிய அந்தக் கணம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது." இசை எழும்பப் போய், சட்டென்று தணிகிறது. அத்தை சொல்கிறார்: "அது நான்."

மாமா அடுத்த பத்திக்குப் போய்விட்டார்.

சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அத்தையின் காதில் ஹெட்போனை மாட்டி, அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். சோப்புக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே கேட்டார்.

"இது எல்லாருக்கும் கேக்குமா மாப்பிள்ளை?"

"நான் விட்டு வச்சா கேக்கும்."

"முன் வரிசையில இருக்கிறவங்களுக்கு மட்டுமா, கடைசி வரைக்குமா?"

"கடைசி வரைக்கும் அத்தை."

"அழிச்சிடுங்க. அவருக்குச் சங்கடம்" என்றார். ஆனால் ஹெட்போனைக் கழற்றவில்லை. "இன்னொரு தடவை போடுங்க" என்றார். மூன்று தடவை போட்டேன். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்குப் புரிந்தது. அதைக் கொடுக்கிற தைரியம் எனக்கு இல்லை என்பதும் புரிந்தது.

மாமா சாயங்காலம் கேட்க வந்தார். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது.

"நடுவுல நடுவுல பாட்டு ஏன் செத்துப் போகுது? இதான் உங்க சாஃப்ட்வேர் லட்சணமா?"

"அங்கல்லாம் அத்தை பேசுறாங்க மாமா."

"அவ எங்க பேசினா? சும்மா உக்காந்திருந்தா."

கூட்டி வைத்துப் போட்டேன். நாற்பத்திரண்டையும் போடும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரன் இல்லை. ஐந்தோடு நிறுத்தினேன். "அது நான்" அந்த ஐந்தில் ஒன்று. மாமா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இது சரிப்படாது. நாளைக்கு மறுபடி எடுப்போம். அவ வெளிய இருக்கட்டும். முணுமுணுத்துக் கெடுத்துட்டா."

மறுநாள் மத்தியானம் மெத்தைக்கும் அலமாரிக்கும் நடுவில், மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தோம். இசை காதில் கேட்டால்தான் பேச்சில் உணர்ச்சி வரும் என்று மாமா அடம்பிடித்ததால், அவர் ஹெட்போனில் இசையையும் டக்கிங்கையும் அப்போதே ஓடவிட்டேன். அத்தை கதவுக்கு வெளியே நின்றார்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து..." என்று மாமா ஆரம்பித்தார். நின்றார். பேச்சு நின்றதும் சாஃப்ட்வேர் தன் கடமையைச் செய்தது. வயலின் கூட்டம் அவர் காதுக்குள் பொங்கிக்கொண்டு வந்தது. அவர் மிரண்டுபோய் "எழுபத்து..." என்றதும் அடங்கியது. மறுபடி யோசித்தார். மறுபடி பொங்கியது. அவருடைய மறதி ஒவ்வொன்றுக்கும் முழு வாத்தியக் கோஷ்டியோடு வரவேற்பு. மூன்றாவது நிமிடத்தில் ஹெட்போனைப் பிடுங்கி மேஜையில் போட்டார். சட்டை நனைந்திருந்தது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாட்டுக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை.

"ஏய், உள்ள வா" என்று கத்தினார். "நோட்டையும் எடுத்துட்டு வா."

அத்தை உள்ளே வந்தார். கையில் நோட்டு இல்லை. முக்காலியில் உட்காரவும் இல்லை.

"மாப்பிள்ளை, இன்னொரு மைக் இருக்கா?"

"உனக்கெதுக்கு மைக்?" என்றார் மாமா.

"முணுமுணுத்தா கெட்டுப்போகுதுன்னீங்களே. சத்தமாவே சொல்லிடறேன்."

இருந்தது. நீட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே துணிச்சலான காரியம் அது. சத்தம் கேட்டு வந்த என் மனைவி வாசலில் நின்றாள். அத்தை மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தார், இதற்கென்றே ஒத்திகை பார்த்தவர் மாதிரி.

"ஆரம்பிச்ச அன்னைக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல ரெண்டு பேர் பாடம் எடுத்தோம். ஒருத்தர் இவர். இன்னொருத்தி நான். நாலு வருஷம் கணக்கு எடுத்தேன். பொண்ணு பிறந்தப்போ மூணு மாசம் லீவு கேட்டேன். இவர்தான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார். திரும்பிப் போனப்போ என் வகுப்புல வேற ஒருத்தர் நின்னு பாடம் நடத்திட்டிருந்தார். நீ இனிமே வீட்டைப் பாத்துக்கோன்னு இவர் சொல்லிட்டார். அந்த லீவு இன்னும் முடியல."

என் மனைவி அதே பள்ளியில் பன்னிரண்டு வருடம் படித்தவள். சுவரில் மாட்டியிருந்த ஆசிரியர் படங்களின் பெயரையெல்லாம் ஒப்பிப்பாள். அதில் அத்தை பெயர் வந்ததே இல்லை.

"நான் பிறந்ததாலயாம்மா?"

"நீ என்னடி பண்ணுவே? நீயா கையெழுத்துப் போட்டே?"

பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி மாமா கையைத் தூக்கினார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.