சவுண்டுக்காரர் காதில் பஞ்சு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். பின்னால் யாராவது கண்டுபிடித்து மானத்தை வாங்குவதைவிட அது மேல். காது, மூக்கு, தொண்டை மருத்துவர்களின் சங்கம் ஒன்று ஆண்டு மலர் போடுகிறது. அதற்கு, பெருத்த சத்தமுள்ள இசை நிகழ்ச்சிகளில் காதைக் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். கட்டுரை எழுத விஷயம் தெரிந்திருக்க வேண்டும். கதைக்கு அந்த நிர்ப்பந்தம் கிடையாது. எனவே கதையாகத் தருகிறேன் என்றேன்.

"கதையா இருந்தாலும் பரவால்ல சார், ஆனா கருத்து இருக்கணும்" என்றார் சங்கத்தின் செயலாளர்.

வாழைப்பழத்துக்குள் மாத்திரையை வைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கொடுக்கலாம். ஆனால் நம் வாசகர்கள் பழத்தைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புவதில் கைதேர்ந்தவர்கள்.

விஷயம் திரட்ட ஒரு மெல்லிசை நிகழ்ச்சிக்குப் போனேன். (மெல்லிசை என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.) நெஞ்செலும்பு அதிர்ந்தது. பக்கத்து நாற்காலிக்காரர் என்னவோ சொன்னார், நானும் சிரித்து வைத்தேன். எழுந்து பின்பக்கம் ஓடியபோதுதான் அந்த ஆளைப் பார்த்தேன். அரங்கின் கடைசியில், அத்தனை சத்தத்தையும் உண்டாக்குகிற மிக்சர் பலகையின் முன்னால் உட்கார்ந்திருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு. தன் ஓட்டலில் தானே சாப்பிடாத சமையல்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. கதை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

2

தொடக்கம் மட்டும் சிக்கவில்லை.

'அவர் காதுக்குள் ஒரு கடல் இரைந்துகொண்டிருந்தது. அதன் கரையில் அவர் தனியாக…'

வேண்டாம். காதுக்குள் கடல் வைக்கிற வயதை நான் தாண்டிவிட்டேன்.

'உலகம் முழுவதும் அதிக ஒலியால் செவித்திறனை இழப்பவர்களின் எண்ணிக்கை…'

எண்ணிக்கை என்னிடம் இல்லை. கேட்டால் செயலாளர் கட்டுக்கட்டாக அனுப்புவார். அனுப்பி, நான் எழுதி, நீங்கள் அந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்து, எதற்கு இத்தனை பேருக்குச் சிரமம்?

'"என்ன?" என்றார் சவுண்டுக்காரர். "என்ன?" என்றார் மறுபடியும்.'

இது பரவாயில்லை. ஆனால் அடுத்த வரியில் நீங்கள் சிரிக்கத் தயாராகிவிடுவீர்கள். காது கேளாதவர்களை வைத்து நகைச்சுவை செய்ய நம்மிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேறு எதற்கு.

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன்.

3

சவுண்டுக்காரர் அந்தக் குழுவின் மிக்சரில் உட்காருகிறவர். எந்தக் குரல் எவ்வளவு, எந்த வாத்தியம் எவ்வளவு என்று ஏற்றி இறக்குவது அவர் வேலை. மேடையில் பாடுகிறவள் அவர் மனைவி. டிரம்ஸ் அடிக்கிறவன் மனைவியின் தம்பி. நோட்டீஸில் குழு என்று போட்டிருந்தாலும் நிஜத்தில் அது ஒரு குடும்பம்தான். ஒத்திகையில் தொடங்கிய சண்டை சோற்றுத் தட்டு வரைக்கும் வரும்.

(என் எழுத்தை முதலில் படிக்கிறவள் என் தங்கை. புருஷனை 'அவர்' என்றும் பெண்டாட்டியை 'அவள்' என்றும் எழுதுவது என்ன நியாயம் என்று கேட்டாள். நியாயம் இல்லைதான். இரண்டு பேருக்கும் 'அவர்' போட்டால் யார் காதில் பஞ்சு என்று வாசகர் குழம்பிவிடுவார் என்றேன். "வாசகர நீ ரொம்ப மட்டமா நினைக்கிறண்ணே" என்றாள். உங்களுக்காகப் பேச ஒருத்தி இருக்கிறாள்.)

புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு வழக்கம் இருந்தது. நிகழ்ச்சிக்கு முன்னால், சவுண்ட் செக் முடியும் நேரத்தில், வாத்தியங்களை எல்லாம் நிறுத்திவிட்டு அவள் தனியாக ஒரே ஒரு வரி பாடுவாள். கடைக்கோடியில் மிக்சருக்குப் பின்னால் நின்று அவர் கேட்பார். சரியாக இருந்தால் கையைத் தூக்குவார். அந்தக் கை உயராமல் அவள் மேடையைவிட்டு இறங்க மாட்டாள்.

நிகழ்ச்சி முடிந்து வேனில் ஏறியதும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியிருக்கும். அதெல்லாம் அவளுக்குக் கணக்கில்லை. மூன்றாவது பாட்டில் மேலே போகும்போது மூச்சு போதவில்லை என்று அவர் சொல்வார். அவள் முகம் தொங்கிப் போகும். மறுநாள் காலையில் அந்த இடத்தையே பிடித்துக்கொண்டு பாடுவாள். பாராட்ட ஊரே இருந்தது. குறை சொன்னால் நம்புவதற்கு அவளுக்கு இருந்தது ஒரே ஆள்தான்.

4

அவர் காதில் 'கீ' என்று ஒரு சத்தம் தொடங்கியது. முதலில் நிகழ்ச்சி முடிந்த இரவுகளில் மட்டும் வந்து, விடிந்ததும் போனது. பிறகு போவதை மறந்துவிட்டது. டாக்டரிடம் போகலாமே என்று உங்களுக்குத் தோன்றும். உங்களுக்கென்ன, நீங்கள் சவுண்டுக்காரர் இல்லை. காதுக்கு வைத்தியம் பார்க்கிற சவுண்டுக்காரரை எந்தக் குழு வைத்துக்கொள்ளும்? அவர் தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கொண்டார். பஞ்சு வாங்கி இரண்டு காதிலும் அடைத்தார்.*

* செயலாளர் அவர்களே, உங்கள் மாத்திரை இதோ. பஞ்சு காதைக் காப்பாற்றாது. கூர்மையான சத்தங்களைக் கொஞ்சம் மழுங்கடிக்கும், கனத்த சத்தங்களை அப்படியே உள்ளே விடும். இசைக் கலைஞர்களுக்கென்றே இயர்பிளக் இருக்கிறது, எல்லாச் சத்தத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும். ஸ்பீக்கருக்கு நேராக நிற்காதீர்கள். நடுநடுவே வெளியே போய்க் காதுக்கு ஓய்வு கொடுங்கள். மறுநாளும் காதில் கீச்சிட்டால் பெருமையாகச் சொல்லித் திரியாமல் டாக்டரைப் பாருங்கள். வாசகர்கள் இந்தப் பத்தியை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிவிட்டு மறக்கலாம்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். பஞ்சு வைத்த காதுக்குப் பாட்டு மந்தமாகக் கேட்டது. மந்தமாக இருந்தால் சவுண்டுக்காரர் என்ன செய்வார்? கூர்மையை ஏற்றுவார். ஏற்றினார். மேடையில் தாளத்தட்டு ஒவ்வொன்றும் ஊசி மாதிரி காதில் இறங்க, மைத்துனன் தானும் பஞ்சு வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து கிட்டார்காரரும் கீபோர்டுக்காரரும் வைத்துக்கொண்டார்கள். பஞ்சு வைத்தவர்களுக்கு அடுத்தவர் வாசிப்பது கேட்கவில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தன் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் சத்தத்தைக் கூட்டச் சொன்னார்கள். சவுண்டுக்காரரும் கேட்டவர்க்கு இல்லை என்னாமல் கூட்டிக் கொடுத்தார். மேடையின் இரைச்சல் அரங்குக்குள் வழிந்தது. அதற்கு மேலே பாட்டு கேட்க வேண்டுமே என்று அரங்கின் சத்தத்தையும் ஏற்றினார். இப்படியாக, காதைக் காப்பாற்ற எல்லோரும் ஒருமனதாக எடுத்த முயற்சியால் அந்தக் குழு ஊரிலேயே அதிகச் சத்தம் போடுகிற குழுவாகப் பெயர் வாங்கியது. பெயர் கெட்டது என்று நினைக்காதீர்கள். கூட்டம் கூடியது.

அவள் மட்டும் பஞ்சு வைக்கவில்லை. வைத்தால் சுருதி தெரியாது என்றாள். இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திக் குரல் கரகரத்துப் போக, வீட்டில் வெந்நீரும் கையுமாக அலைந்தாள். வேனில் கேட்டால் இப்போதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது.

"நல்லா இருந்துச்சு."

5

இதுவரை படித்த தங்கை தாள்களை மேசையில் வைத்தாள்.

"ஏண்ணே, வருஷக்கணக்கா குறை சொன்ன மனுஷன் திடீர்னு நல்லா இருக்குங்கிறாரு. அந்தப் பொம்பள என்ன தூங்கிட்டா இருந்தா?"

நியாயமான கேள்வி. கணவன் மனைவியைப் பாராட்டத் தொடங்கினால் எந்த வீட்டிலும் சந்தேகம் வரும். என் பாத்திரத்துக்கு வராமல் போனது அவள் குற்றமில்லை, என் சோம்பேறித்தனம். எனவே அவளுக்கு ஒரு சந்தேகம் கொடுக்கிறேன். அதை வாய்விட்டுச் சொல்கிற வேலையைத் தம்பிக்குக் கொடுக்கிறேன். மாமாவுக்குக் காது போய்விட்டதென்று நினைப்பதாக அவன் சொன்னான். அவள் அவனைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாள். உனக்குத்தான் தாளம் போய்விட்டது என்றாள். திட்டி முடித்துவிட்டுச் சமையலறையில் தனியாக நின்றாள்.

(இந்த இடத்தில் அவள் அழுதாள் என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். அழுவதா வேண்டாமா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை.)

6

அன்றைக்கும் சவுண்ட் செக். ஒரு கல்லூரி அரங்கம். நாற்காலிகளைப் போட்டு முடித்த ஆட்கள் வெளியே போயிருந்தார்கள். வாத்தியங்கள் நின்றன. சவுண்டுக்காரர் வழக்கம்போல் எழுந்து நின்று மேடையைப் பார்த்தார். மிக்சரில் சத்தத்துக்கு ஏற்பத் துள்ளுகிற விளக்குகளை அவர் பார்ப்பதில்லை. விளக்கைப் பார்த்துச் சத்தம் வைக்கிறவன் வேறு வேலைக்குப் போகலாம் என்பது அவர் கட்சி.

அவள் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். பாடினாள். அதே வரி. பாதியில் கொஞ்சம் இழுத்து, கடைசிச் சொல்லை மெதுவாக இறக்கி வைக்கிற இடத்தில் எப்போதும் அவருக்குள் என்னவோ இளகும். இன்றைக்கும் இளகியது. குரலில் கரகரப்புகூட இல்லை. கையைத் தூக்கினார்.

அவள் இறங்கவில்லை. தூக்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, காலி நாற்காலிகளுக்கு நடுவே நடந்து அவரிடம் வந்தாள். அவர் காதிலிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"நான் பாடல" என்றாள்.

அவருக்குப் புரியவில்லை.

"வாய மட்டும்தான் அசைச்சேன்."

"இல்ல. கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"நீ இழுக்கிற இடம்… நல்லா இருந்துச்சும்மா."

அவர் பொய் சொல்லவில்லை. சத்தியமாக அவருக்குக் கேட்டது. எத்தனையோ வருஷமாகக் கேட்ட வரி, அவள் வாய் அசைந்ததும் தானாகவே உள்ளே பாடியிருக்கிறது. இத்தனை நாளும் நிகழ்ச்சிகளில் எவ்வளவு அவள் பாடியது, எவ்வளவு இவருக்குள் பாடியது என்று இனிமேல் யார் பிரித்துச் சொல்வது? இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. மன்னிக்கவும், அடுத்த பகுதியில் சரியாகிவிடும்.

7

சரியாகிவிட்டது. முடிவுகள் வருமாறு.

(அ) சங்கத்துக்கான முடிவு. இருவரும் காது டாக்டரிடம் போகிறார்கள். டாக்டர் செவித்திறன் வரைபடம் ஒன்றைக் காட்டிப் புன்னகைக்கிறார். குழு முழுவதும் நல்ல இயர்பிளக் வாங்குகிறது. சத்தம் குறைகிறது. மைத்துனன்கூட மெதுவாக அடிக்கிறான். (இதை எந்த டிரம்ஸ்காரரின் குடும்பமும் நம்பாது.) மலரில் போடும் கடைசிப் படத்தில் எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தி நிற்கிறார்கள்.

(ஆ) இலக்கிய முடிவு. அவர் முழுச் செவிடாகி, காலி அரங்கில் மிக்சரின் முன்னால் அமர்ந்து, தனக்குள் கேட்கும் பாட்டுக்குக் கண்ணீர் விடுகிறார். பரிசு கிடைக்க வாய்ப்புண்டு. அவரிடம் அனுமதி கேட்டேன், முறைத்தார்.

(இ) நடக்கக்கூடிய முடிவு. டாக்டர் இருக்கிறார், வரைபடமும் இருக்கிறது. போனது போனதுதான், திரும்பாது என்கிறார். மிச்சமிருப்பதைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். இயர்பிளக் போட்டுக்கொண்டு, அவர் இளக்காரம் செய்த அதே விளக்குகளைப் பார்த்து, தம்பியின் காதையும் இரவல் வாங்கிக்கொண்டு, மிக்சரில் அவர் உட்காரலாம். வேலை போகாது. மானிட்டர்கள் இறங்கும். அவள் தொண்டை பிழைக்கும்.

நல்ல முடிவுதானே? நானும் அப்படித்தான் நினைத்து முற்றுப்புள்ளி வைக்கப் போனேன். இருவரும் டாக்டரின் அறையைவிட்டு வெளியே வந்து படியில் நிற்கிறார்கள். சவுண்டுக்காரர்தான் முதலில் பேசினார்.

"இனிமே எப்படி இருந்துச்சுன்னு என்கிட்ட கேக்காத. எனக்குத் தெரியாது."

"வேற யார்கிட்ட கேக்கறது?" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நானென்ன செய்வேன்? எனக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. தம்பி அக்காவுக்குப் பயந்தவன். டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார்.

8

ஆகவே நீங்கள்தான் போக வேண்டும்.

சனிக்கிழமை மாலை அவள் பாடுகிறாள். மறக்காமல் இயர்பிளக் போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பீக்கருக்கு எதிரே உட்காராதீர்கள், உங்கள் காது இனி உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. எல்லாப் பாட்டையும் கடைசிவரை கேளுங்கள். முடிந்ததும் கூட்டம் கைதட்டும், நீங்களும் தட்டலாம். பிறகு மேடைக்குப் பின்னால் போங்கள். வேன் பக்கத்தில் அவள் நிற்பாள், அவரும் நிற்பார். அவள் கேட்பாள். தயவுசெய்து நல்லா இருந்துச்சு என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள்.