ஒப்புக்குச் சொன்னால் திறக்காத கதவு

ரப்பர் ஸ்டாம்ப் செய்து பிழைத்த முத்திரைக்காரர் ஏலத்தில் எடுத்த பழைய போலீஸ் காரின் பின்கதவுகள், உள்ளே உட்கார்ந்திருப்பவர் தன் குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டால் மட்டுமே திறந்தன. முன்கதவுகளில் கோளாறு எதுவும் இல்லை. பிரேக்கும் நன்றாகப் பிடித்தது.

பதினான்கு வருடம் உழைத்து ஓய்வு பெற்ற வண்டி அது. ஏலத்துக்கு வந்த மற்றவர்கள் அதை உடைத்து இரும்பாக விற்க நினைத்தார்கள். ஓட்டுவதற்கென்று கேட்டவர் இவர் ஒருவர்தான். இவருடைய ஸ்கூட்டர் முந்தைய மாதம் நடுரோட்டில் இரண்டாகப் பிரிந்து தனித்தனி வழியில் போய்விட்டது என்பது வெளியே சொன்ன காரணம். சொல்லாத காரணம், அவர் குரல். பிறவியிலேயே சன்னமான குரல். கடையில் போய் எதையாவது கேட்டால், கடைக்காரர் இவருக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்து "உங்களுக்கு என்ன சார் வேணும்?" என்பார். ஊரில் உள்ள அத்தனை பெரிய மனிதர்களின் பட்டங்களையும் இடவலம் மாற்றி ரப்பரில் வெட்டிக் கொடுத்தவருக்கு, தனக்கென்று வெட்டிக்கொள்ள ஒரு பட்டமும் இல்லை. வண்டிக் கூரையில் சுழல்விளக்கு இருந்த நான்கு ஓட்டைகளை ஸ்டாம்ப் ரப்பர் வைத்து அவரே அடைத்தார். கதவுகளில் இருந்த எழுத்தின் மேல் துறையே வெள்ளை பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்தது. இருந்தும் மழையில் நனைந்தால் 'காவல்' என்று தெரியும், காய்ந்தால் மறைந்துவிடும். ஓய்வு பெற்ற அதிகாரிகள் எல்லோருக்கும் உள்ள வியாதிதான். முதல் நாளே கைமேல் பலன் கிடைத்தது. ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு போனவர்கள் தலைக்கு மாற்றினார்கள். நடைபாதையை விழுங்கியிருந்த கடைகள் தாமாக இரண்டடி உள்ளே நகர்ந்தன. மரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேர், வண்டி கடக்கும்போது ஒரே செய்தித்தாளை நான்கு மூலையிலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். முத்திரைக்காரர் ஹார்னைத் தொடவே இல்லை.

"கல்யாணம் ஆகி இருபத்திரெண்டு வருஷம் கழிச்சு என்னைப் போலீஸ் வண்டில ஏத்திட்டீங்க. ரொம்ப சந்தோஷம்" என்றாள் அவர் மனைவி. பெல்ட் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று பின் சீட்டில்தான் உட்கார்ந்தாள். சந்தை வாசலில் கதவு திறக்கவில்லை. இவர் வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தார், காலை முட்டுக்கொடுத்தும் இழுத்துப் பார்த்தார். கண்ணாடி நான்கு விரல் அளவுக்கு இறங்கி நின்றுவிட்டது. அந்த இடைவெளி வழியாக அவள் சற்று நேரம் திட்டினாள். திட்டுவதற்கு விஷயம் தீர்ந்ததும் அலுத்துப்போய், "சரி, போய்த் தொலையுது. முந்தாநாள் நீங்க தேடின பச்சைச் சட்டையை நான்தான் கிழிச்சுத் தரை துடைக்கப் போட்டேன்" என்றாள். 'டக்' என்று கதவு திறந்தது. மெக்கானிக்கிடம் காட்டியபோது அவர் பூட்டையே முழுதாகக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, சோதிப்பதற்காக உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். பூட்டே இல்லாத கதவு நாற்பது நிமிடம் பூட்டியிருந்தது. கடைசியில் மெக்கானிக், புதுசு என்று சொல்லிப் போட்ட ஃபேன் பெல்ட் வேறொரு வண்டியில் கழற்றியது என்று தரையைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வண்டியைப் பழுது பார்க்க வந்தபோதெல்லாம் கீழே படுத்துக்கொண்டுதான் வேலை செய்தார்; உள்ளே ஏறவில்லை.

ஒரு வருடத்துக்குள் ஊர் பழகிக்கொண்டது. சட்டதிட்டங்களும் தெளிவாயின. ஏற வருபவருக்குக் கதவு சாதாரணமாகத் திறக்கும். அந்தச் சாக்கில் நழுவி இறங்கப் பார்ப்பவருக்கு இருக்கை நீண்டுகொண்டே போகும். ஒருமுறை சொன்ன குற்றம், கிழித்த டிக்கெட் மாதிரி, மறுமுறை செல்லாது. அடுத்தவர் குற்றத்தைச் சொன்னால் கதவு இன்னும் இறுகும். உள்ளே எவ்வளவு நேரம் இருந்தாலும் பசியோ வேறு அவசரங்களோ எவருக்கும் வந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும், கேட்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலான விதி, ஒப்புக்குச் சொன்னால் திறக்காது, ஒப்புக்கொண்டால்தான் திறக்கும் என்பது. பக்கத்துக் கல்லூரி முதல்வருக்கு மட்டும் இது கொஞ்சம் தாமதமாகப் புரிந்தது. பாராட்டு விழாவுக்குப் போகும் வழியில் அவர் கார் நின்றுபோய், கழுத்து மாலையோடு இதில் ஏறிக்கொண்டார். மண்டப வாசலில் மேளம் காத்திருந்தது. "தன்னலம் மறந்து உழைத்தேனே, அதுதான் நான் செய்த குற்றம்!" என்று அவர் கம்பீரமாக ஒப்புக்கொண்டதும், திறந்திருந்த நான்கு விரல் கண்ணாடியும் மேலேறி மூடிக்கொண்டது. விழா அவர் இல்லாமலேயே நடந்து முடிந்து, நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான், முனைவர் பட்ட ஆய்வின் பாதிப் பக்கங்களைத் தன் தட்டச்சரே எழுதினார் என்பது அவர் வாயிலிருந்து வந்தது. மறுநாள் அந்தத் தட்டச்சரை எல்லோரும் டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

முத்திரைக்காரர் மட்டும் பின் சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. ஓட்டுபவர் எப்படிப் பின்னால் உட்காருவார் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றியது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது பதினோரு வருடமாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது.

அவர் மனைவியின் அக்கா கணவர், அதாவது இவருடைய சகலை, அப்போது ஏழு சங்கங்களுக்குக் கௌரவத் தலைவர். எட்டாவது சங்கம் கிடைத்தபோது புது ஸ்டாம்ப் கேட்டு வந்தார். வெட்டிக் கொடுத்ததை நான்கு தடவை திருப்பி அனுப்பினார்: எழுத்து சின்னது, ஓரத்தில் கோடு இல்லை, கோடு ஒன்று போதாது, இரண்டு கோட்டில் ஒன்று ஒல்லி. நான்காம் தடவை கடை ஸ்டூலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, "எழுத்து உனக்குப் பொழப்பு தம்பி. எனக்கு அது கௌரவம். வித்தியாசம் புரியுதா?" என்றார். புரிந்தது. ஐந்தாவது ஸ்டாம்ப் எல்லா வகையிலும் பிரமாதமாக இருந்தது. சகலை அதை முத்தமிடாத குறையாக வாங்கிப் போனார். முந்நூறு கடிதங்கள் முந்நூறு அலுவலகங்களுக்குப் போன பிறகு, ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அரசு அலுவலகங்கள் முத்திரையில் உள்ளதை அப்படியே நகலெடுப்பவை. 'மதிப்பிற்குரிய கௌரவத் தலைவலி அவர்களுக்கு' என்று அந்தக் கடிதம் ஆரம்பித்தது.

கண்ணாடி எழுத்தில் 'ர்' என்பதும் 'லி' என்பதும் ஒரே மாதிரிதான் தெரியும், கை தவறிவிட்டது என்று முத்திரைக்காரர் சொன்னார். தொழில் தெரியாதவர்கள் எப்படி மறுப்பது? அவர் மனைவி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டாள். அக்கா, "உன் புருஷன் வேணும்னே செஞ்சான்" என்றாள். தங்கை, "அக்கா உறவே வேண்டாம், என் புருஷன் சொல் போதும்" என்று திரும்பி வந்தாள். அதற்குள் முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்விட்டது. வெளியே எடுக்க இவருக்குத் தைரியம் வரவில்லை. தெருவில் அக்காவின் குடை தெரிந்தால் மனைவி எதிர்ப்பக்கம் போய்விடுவாள். வீட்டுக்கு வந்து வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். இவர் அடுத்த அறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்று மழை; கதவில் 'காவல்' நன்றாகத் தெரிந்தது. ஆஸ்பத்திரி வாசலில், காலில் மாவுக்கட்டோடு ஒரு பெண்மணி கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, பின்கதவைத் திறந்து ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய பிறகுதான் பக்கத்தில் யார் என்று பார்த்தாள்.

"போலீஸ் வண்டின்னு நெனச்சுல்ல ஏறினேன்" என்றாள் அக்கா. "உங்க வண்டின்னு தெரிஞ்சிருந்தா ஒத்தக் கால்லயே போயிருப்பேன்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலை, இறங்கு" என்றாள் தங்கை, சன்னலைப் பார்த்துக்கொண்டு.

இறங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். அக்கா வீட்டு வாசல் வந்ததும், ஊர் வழக்கப்படி ஆளுக்கொரு சின்னக் குற்றத்தை வீசிவிட்டுப் பிரிந்துவிடலாம் என்று நினைத்தார்கள். அக்கா, எதிர்வீட்டுச் செடியில் தினமும் பூப் பறிப்பதைச் சொன்னாள். திறக்கவில்லை. தங்கை, முத்திரைக் கடை மை டப்பாவைத் தான் கொட்டிவிட்டுப் பூனை மேல் பழி போட்டதைச் சொன்னாள். திறக்கவில்லை. வண்டி இதுவரை எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டது; அன்றுதான் முதல் தடவையாகக் குறிப்பிட்ட ஒன்றைக் கேட்டது. பழைய கேஸ் நிலுவையில் இருந்தால் அப்படித்தான் நடக்கும் என்று பிற்பாடு ஓர் ஓய்வு பெற்ற ஏட்டு விளக்கினார்.

இரண்டு நாள் வண்டி அந்த வாசலில் நின்றது. சகலை வெளியூரில் ஏதோ மாநாட்டைத் துவக்கிவைக்கப் போயிருந்தார். சகோதரிகள் சின்னக் குற்றங்கள் தீர்ந்து பெரியவற்றுக்கு வந்து, அவையும் தீர்ந்து, பாவாடை கட்டிய காலத்துக்குப் போனார்கள். அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தது யார், அப்பாவிடம் அடி வாங்க வைத்தது யார், பென்சில் டப்பாவில் தவளையை வைத்தது யார் எல்லாம் வெளிவந்தன. ஓரிடத்தில் இருவரும் சிரித்துவிட்டு, உடனே ஞாபகம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பசி இல்லாவிட்டாலும் பழக்கத்துக்கு ஏதாவது கேட்டார்கள். கண்ணாடி இடைவெளியில் வாழைப்பழம் நுழைந்தது, ஆரஞ்சு நுழையவில்லை. முத்திரைக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் தொங்கிய பின்பார்வைக் கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடவலம் மாறிய எழுத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு முகங்கள் கஷ்டமில்லை.

இரண்டாம் நாள் மாலை அக்கா தன் பையிலிருந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்த ஒரு காகிதத்தை எடுத்தாள். அந்த முந்நூறில் ஒன்று, விலாசம் தவறித் திரும்பி வந்தது. அதை விரித்து அந்தப் பின்பார்வைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள். "கண்ணாடில ரெண்டும் ஒண்ணாத் தெரியும்னாரே உன் வீட்டுக்காரர், நல்லாப் பாருடி. 'லி' எங்கியாச்சும் 'ர்' மாதிரி தெரியுதா?"

தங்கை பார்த்தாள். "அக்கா, அவரு பயந்த சுபாவம். வேணும்னு செய்யற சாமர்த்தியம் எல்லாம் அவருக்குக் கெடையாது. கை தவறித்தான் போச்சு" என்றாள். சொல்லும்போதே அவள் கண்ணாடியில் கணவரின் கண்ணைத் தேடினாள்.

முத்திரைக்காரர் எஞ்சினை அணைத்தார். இறங்கி, சுற்றிவந்து, பின்கதவைத் திறந்து, மனைவியை நடுவில் தள்ளி உட்காரச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டார். தன் வண்டியின் பின் சீட் இவ்வளவு தாழ்ந்திருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

"கை தவறலை" என்றார். "'லி' வெட்ட 'ர்' வெட்டறதை விட ரெண்டு மடங்கு நேரம் ஆவும். நிதானமா, வேணும்னுதான் வெட்டினேன். அப்புறம் பொய் சொன்னேன். நீ அக்காவை விட்டுட்டு வந்தப்பவும் வாயைத் தொறக்கலை."

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் தெருக்கோடி வரை கேட்டது. அவர் பக்கக் கதவு 'டக்' என்று திறந்தது. அவர் இறங்கவில்லை. அக்கா பக்கக் கதவு அப்படியே இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அக்கா மாவுக்கட்டைத் தடவிக்கொண்டாள்.

"என்ன பாக்கறீங்க? எங்க வீட்டுப் பெரிய மனுஷன் ஸ்டாம்ப் குத்தற கையா? முந்நூறு கடுதாசிக்கும் நான்தானே குத்தினேன்" என்றாள். "மொத கடுதாசிலயே படிச்சுட்டேன். சரியாத்தானே போட்டிருக்குன்னு மிச்சத்தையும் குத்தி அனுப்பிட்டேன். அப்புறம் அவரு குதிச்ச குதில பயந்துபோய் முழுப் பழியையும் உங்க மேலயே போட்டேன்."

இரண்டாவது 'டக்' கேட்டது. அதோடு, எப்போதோ கழற்றப்பட்டுவிட்ட சைரன் ஒரே ஒரு முறை ஒலித்து அடங்கியது.

நடுவில் இருந்தவளுக்குக் கதவு இல்லை. இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அழப்போகிறாள் என்று முத்திரைக்காரர் நினைத்தார். அழத்தான் செய்தாள், ஆனால் பாதியில் அது சிரிப்பாக மாறி வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குப் போனது. "இப்பத்தான்யா உங்க மேல ஒரு மரியாதையே வருது" என்றாள். அதற்காக மன்னித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. மூன்று நாள் அவரிடம் பேசவில்லை. பதினோரு வருடத்துக்கு மூன்று நாள், தண்டனை குறைவுதான் என்று முத்திரைக்காரரே ஒப்புக்கொண்டார். அப்போது அவர் வீட்டுக் கூடத்தில் நின்றிருந்தார். இருந்தும் வாசலில் நின்ற வண்டியின் கதவு ஒன்று திறந்துகொண்டது.

மாநாட்டைத் துவக்கிவைத்துவிட்டு வந்த சகலையிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. தன்னிடம் ஒப்புக்கொள்ள எதுவுமே இல்லாததால் பின் சீட் தனக்குச் சரிப்படாது என்று அறிவித்து, அவர் முன் சீட்டில்தான் உட்காருவேன் என்றார். ஊரிலேயே நினைத்தபோது இறங்க முடிந்த ஒரே பயணி என்ற கௌரவமும் அவருக்குக் கிடைத்தது. இப்போது பன்னிரண்டு சங்கங்கள். ஸ்டாம்ப் எல்லாம் முத்திரைக்காரர்தான் வெட்டித் தருகிறார். குத்துவது அக்கா. இதுவரை எந்த அலுவலகத்திலிருந்தும் புகார் வரவில்லை.

வண்டி இன்னும் ஓடுகிறது. வெள்ளிக்கிழமைதோறும் முத்திரைக்காரர் இரண்டு சகோதரிகளையும் சந்தைக்குக் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து அக்கா வீட்டு வாசலில் நிறுத்துகிறார். நிறுத்தியதும் 'டக்', 'டக்' என்று இரண்டு கதவுகளும் திறந்துகொள்கின்றன. பின் சீட்டில் பேச்சு நடந்துகொண்டே இருக்கிறது. ஒருவரும் இறங்குவதில்லை.